விரல் பேசிய வியாழக்கிழமை

ஓய்வு பெற்ற கணவரை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி என்று சௌந்தரத்துக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. முதல் வாரம் அவர் அடுக்களை அலமாரியை ஒழுங்கு பண்ணினார். அன்று முழுவதும் அவள் உப்பைத் தேடினாள். அடுத்த வாரம் சூசூ என்கிற சௌசௌக் கொடிக்குப் பந்தல் போட்டார். அது பக்கத்து வீட்டுக் கோழிகளின் மேல் சாய்ந்தது. அதற்கும் அடுத்த வாரம்தான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். தன் மனைவி வியாழக்கிழமைப் பிற்பகல்களில் எதிர்வீட்டு யொலாந்த் வீட்டில் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறாள். அதுவும் வருஷக்கணக்காக.

கோபித்துக்கொள்வார் என்று அவள் பயந்தாள். ராமசந்திரன் "ஓ" என்றார். பிறகு தேநீரைக் குடித்து முடித்தார். அவ்வளவுதான்.

அவர் அப்படித்தான். தீவின் தலைநகரான போர்ட் லூயியில் தந்தி இலாகாவில் ஆயுசைக் கழித்தவர். சொல்லுக்கு இத்தனை காசு என்று ஊரிடம் வாங்கிப் பழகியதாலோ என்னவோ, வீட்டில் ஒரு சொல்லைக்கூட வீணாக்க மாட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து ட்ரியோலேக்கு அனுப்பிய அன்றும், ஊரே அழ, அவர் சொன்னது, "பஸ் வந்தாச்சு."

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அலமாரியும் பந்தலும் போக, இந்த ஒன்றரை மாதம் சௌந்தரத்துக்கு இனிப்பாகவே இருந்தது. விடிந்ததும் அவர் ரோஸ்ஹில் சந்தையோரக் கடைக்குப் போய்ச் சூடு ஆறாத ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வருவார். இரண்டு பேரும் வெண்ணெய் தடவி, அவசரமில்லாமல், வராந்தாவில் உட்கார்ந்து தின்பார்கள். இத்தனை வருஷமும் அவர் காலைச் சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஓடியவர். அவருக்கு ரொட்டியின் கருகிய முனைதான் பிடிக்கும் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. போன வாரம் பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்குப் போய், குளத்தில் மிதக்கும் பெரிய இலைகளைப் பார்த்தபடி லீச்சிப் பழம் உரித்துத் தின்றார்கள். விதையைக் குளத்தில் துப்பலாமா கூடாதா என்று அவர் வெகுநேரம் யோசித்ததை நினைத்தால் அவளுக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுசான் கப்பல் ஏறினாள்.

சுசான் வியாழக்கிழமை மேஜையின் நாலாவது ஆள். தேர்தல், சுதந்திரம் என்று தீவு முழுக்க ஒரே பேச்சாக இருந்த நேரம் அது. அவள் மகன் இனி என்ன ஆகுமோ என்று பயந்துபோய், தாயையும் தூக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுவிட்டான். மூன்று பேரை வைத்துக்கொண்டு பெலோத் ஆட முடியாது. அந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு கட்சி.

வியாழக்கிழமை காலை சௌந்தரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் வாடித்தான் இருந்திருக்க வேண்டும். ராமசந்திரன் பத்திரிகையை மடித்தார்.

"நாலாவது ஆளா நான் வரேன்," என்றார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஆடியிருக்கேன்."

"யொலாந்த் வீட்டுல விதி ரொம்பக் கண்டிப்பு. கையில என்ன சீட்டு இருக்குன்னு கூட்டாளிக்கு ஜாடை காட்டினாக்கூட எழுப்பி விட்டுருவா."

"நான் பேசவே மாட்டேனே," என்றார் அவர், அதுதான் தன் முழுத் தகுதி என்பதுபோல.

யொலாந்தின் வீடு தகரக் கூரை போட்ட பழைய மரவீடு. அவளுடைய முப்பாட்டனார் புதுச்சேரியிலிருந்து வந்த பொற்கொல்லர். இப்போது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பிரெஞ்சுப் பெயர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை, வீட்டில் கிரியோல் பேச்சு. ஐயோ என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் விடாமல் வைத்திருந்தாள். அது தமிழ் என்று சௌந்தரம் ஒரு தடவை சொன்னபோது நம்ப மறுத்துவிட்டாள்.

கணவர் போனதிலிருந்து யொலாந்துக்கு வாரம் என்றால் வியாழக்கிழமைதான். மேஜைக்குப் பின்னல் விரிப்பு போட்டு, தட்டில் நாப்பொலிதேன் அடுக்கி வைப்பாள். நடுவில் பழப்பாகும் மேலே ரோஜா நிறச் சர்க்கரைப் பூச்சுமாக இருக்கும் அந்தப் பலகாரம்தான் ஆட்டத்தின் பந்தயம். தோற்ற கட்சி அடுத்த வாரத்துக்கு வாங்கி வர வேண்டும். இத்தனை சின்னப் பந்தயத்துக்கு அத்தனை பெரிய கண்டிப்பு. அவளுடைய கொழுந்தன் ஜில்பெர் ஒரு நாள் கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தான். அதன் பிறகு அந்த வீட்டில் அவனுக்குத் தேநீர் உண்டு, சீட்டு கிடையாது.

"வாங்க மிஸ்யே ராமசந்திரன்," என்று யொலாந்த் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சுசான் இடம். அவ உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கி வச்சிருக்கா. பழகிக்குங்க."

ழினெத் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கன்னிமாடப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எந்தச் சீட்டு எப்போது விழுந்தது என்பதை எல்லாம் மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் சேர்த்து வைத்திருப்பாள். யொலாந்தும் ழினெத்தும் ஒரு கட்சி. சௌந்தரமும் கணவரும் ஒரு கட்சி.

முதல் ஆட்டத்தில் சௌந்தரத்தின் கட்சி ஜெயித்தது. அடுத்ததிலும் ஜெயித்தது. அவள் எதை இறக்கினாலும் அது சரியாகவே விழுந்தது. பெலோத்தில் துருப்பு ஜாக்கிதான் எல்லோருக்கும் பெரியவன். ராஜா அவனுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அந்த ஜாக்கி கணவரிடம் இருக்கும்போதெல்லாம் அவள் துணிந்து ஆடினாள். இல்லாதபோது பதுங்கினாள்.

"சுசானோட ஆடினப்போ நீ இப்படி ஆடினதில்லையே, மஷேர்," என்றாள் யொலாந்த், செல்லமாக அழைத்தாலும் கொஞ்சம் பொறாமையாக.

"இவர் வந்த ராசி," என்றாள் சௌந்தரம். அவளுக்கே பெருமையாக இருந்தது. ராமசந்திரனின் காதுகள் சிவந்தன. சந்தோஷம் வந்தால் அவருக்குக் காதுதான் சிவக்கும்.

மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டார்கள். ராமசந்திரன் தன் சீட்டுகளை இடது கையில் விசிறியாகப் பிரித்துப் பார்த்தார். வலது கை மேஜைமேல் இருந்தது. சௌந்தரம் தன் சீட்டைப் பார்க்கும் முன்பே, இவரிடம் ஆட்டின் ஜாக்கி இருக்கிறது, கிளாவர் ஒன்றுகூட இல்லை என்று நினைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது அவளுடைய நினைப்பு இல்லை. அவருடைய விரல் சொன்னது.

நகத்தால் ஒரு சின்னத் தட்டு, விரல் நுனியால் ஓர் அழுத்தம். புள்ளி, கோடு. தந்திக்காரரின் ஆள்காட்டி விரல், அவருக்கே தெரியாமல், மனதில் ஓடுவதையெல்லாம் மேஜைமேல் அடித்துக்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் தந்திப் பரீட்சைக்குப் படித்தார். குறிகள் அச்சடித்த அட்டையை அவள் கையில் கொடுத்து, "நான் தட்டறேன், சரியான்னு பாரு," என்பார். மாதக்கணக்கில் அது நடந்தது. அவர் பரீட்சையில் தேறினார். கூடவே அவளும் தேறிவிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பின்னர் சொல்ல மனசு வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் "நல்லா இருக்கு" என்று வாய் சொல்லும். புளி அதிகம் என்று விரல் சொல்லும். மறுநாள் அவள் புளியைக் குறைப்பாள். இவளுக்கு எப்படித் தெரிகிறது என்று விரல் வியந்துபோகும். பெண் பஸ் ஏறிப் போன அன்று, விரல் மடியில் கிடந்து அழுதது. பேசாத மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று மற்றப் பெண்கள் பரிதாபப்படும்போதெல்லாம் அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். ஊரிலேயே அதிகம் பேசுகிற கணவர் அவளுடையவர்தான்.

அந்தப் பேச்சு அவளுக்குக் கடிகாரச் சத்தம்போல் பழகிப்போயிருந்தது. கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கேட்டுக்கொண்டு, இன்றைக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டாள்.

சொல்லாவிட்டால் யொலாந்தின் மேஜையில் அவள் திருடி. சொன்னால், அந்த விரல் அவளுக்கு எதிரில் இனி வாய் திறக்காது. அதோடு, ஓய்வுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு இடத்தில் காது சிவக்க உட்கார்ந்திருக்கிறார். ஜில்பெருக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தால்?

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காது கேட்டது. யொலாந்தின் தையல் மிஷின் பற்றி ஏதோ பேச்சை ஆரம்பித்தாள். அப்போதும் காது கேட்டது. கடைசியில் ஒரு வழி தோன்றியது: வேண்டுமென்றே தோற்றுவிடலாம். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த கணக்காகிவிடும்.

ஜெயிக்க வேண்டிய இடத்தில் சின்னச் சீட்டைப் போட்டாள். துருப்பை வீணாக்கினாள். அந்த ஆட்டம் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

ழினெத் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். "சௌந்தரம், உன்கிட்ட பத்து இருந்துச்சே. ஏன் ஏழாம் சீட்டைப் போட்டே?"

"கவனிக்கலை."

"நீயா?"

சௌந்தரம் கையிலிருந்த சீட்டுகளை மறுபடி அடுக்கினாள். எதிரில் விரல் மெதுவாகத் தட்டியது: களைத்துவிட்டாள். நான் வந்ததுதான் காரணம். அவள் இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

அவள் நிமிரவில்லை. விரல் கொஞ்சம் நின்று, மறுபடி தொடங்கியது: முதலில் ஜெயித்தபோது எப்படிச் சிரித்தாள். இத்தனை வருஷமாக வியாழக்கிழமைகளில் இப்படிச் சிரித்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கையிலிருந்த சீட்டு எல்லாவற்றையும் மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள்.

"யொலாந்த், இன்னைக்கு ஆடின எந்த ஆட்டமும் செல்லாது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் பக்கம் திரும்பாமல், மேஜை விரிப்பின் பின்னலைப் பார்த்தபடி சொன்னாள். அட்டையைப் பிடித்தது, கற்றுக்கொண்டது, வாயைத் திறக்காமல் இருந்தது. ஜெயித்தது தெரியாமல், தோற்றது தெரிந்தே என்பதையும் ஒளிக்கவில்லை.

"அவருக்கு ஒன்னும் தெரியாது. எழுப்பறதுன்னா என்னை எழுப்பு. அவர் ஆடட்டும்."

யொலாந்த் ராமசந்திரனைப் பார்த்தாள். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"கதையா இருக்கே," என்றாள் ழினெத். கணக்கு டீச்சர், நிரூபணம் இல்லாமல் எதையும் ஏற்க மாட்டாள். "இப்ப அது என்ன சொல்லிச்சு? கடைசியா?"

சௌந்தரம் தயங்கினாள். "கடைசியா சொன்னது வேண்டாம்."

"அப்ப அதுக்கு முன்னாடி. முதல் ஆட்டத்துல ஏதாவது?"

"முதல் ஆட்டத்துல..." சௌந்தரம் தொண்டையைச் செருமினாள். "இந்த நாப்பொலிதேன் போன வாரத்துதுன்னு சொல்லிச்சு."

யொலாந்தின் முகம் சிவந்தது. ராமசந்திரன் பதறிப்போய் வாயைத் திறந்தார். வழக்கம்போல் ஒன்றும் வரவில்லை. ழினெத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, யோசித்து மென்றாள்.

"போன வாரத்துதுதான்," என்றாள்.

"ஐயோ," என்றாள் யொலாந்த். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மார்பு குலுங்க, கண்ணில் நீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சுசான் தோத்த வாரம். வாங்கி வச்சுட்டுக் கப்பலேறிட்டா. நாலு பேருக்கு வாங்கினதை மூணு பேருதானே தின்னோம், மிச்சம் இருந்துச்சு. வீணாக்க மனசு வரலை."

சிரிப்பு அடங்கியதும் அவள் சீட்டை ஒன்றாகச் சேர்த்துக் குலுக்கினாள். தீர்ப்புச் சொல்லும் குரலில் பேசினாள்.

"ஜில்பெர் தெரிஞ்சு கண்ணடிச்சான். அப்புறம் இல்லைன்னு சத்தியம் பண்ணினான். நீ ஜெயிச்ச ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்தே. ரெண்டும் ஒன்னா? அடுத்த வியாழக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. மிஸ்யே மட்டும் வலது கையில உறை போட்டுக்கணும், தடிமனா, குளிர்காலக் கம்பளி உறை. இந்த வெயில்ல வேர்க்கும். அதுதான் தண்டனை."

"அப்புறம் புது நாப்பொலிதேன்," என்றாள் ழினெத்.

தெருவைக் கடந்து வீட்டுக்குப் போக எத்தனை நேரம் ஆகிவிடும்? ஆனால் சௌந்தரத்துக்கு அந்தத் தெரு அகலமாக இருந்தது. ராமசந்திரன் முன்னால் நடந்தார். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தார்.

அவள் தேநீர் போட்டு வராந்தாவுக்குக் கொண்டு வந்தாள். அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் கோப்பையை வாங்கினார். வலது கை தொடைக்கு அடியில் போயிருந்தது. யொலாந்த் மன்னித்துவிட்டாள், சரி. இந்த மனுஷனிடமிருந்து எடுத்துவிட்டதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"கோபமா?" என்று கேட்டாள்.

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பு ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. அது முழுக்கப் போகும்வரை காத்திருந்தார்.

"கரோல் அன்னைக்கும் கேட்டியா?"

கரோல் புயல் அடித்தபோது கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு அவர் குழந்தைகளிடம், "ஒன்னும் ஆகாது," என்று சொன்னார். ஒரு கை கதவை அழுத்தியிருந்தது. அந்தக் கையின் விரல் வேறு சொல்லிற்று.

"கேட்டேன்."

"கூரை போயிடும்னு?"

"கூரை போயிடும், இவங்களை எங்க கொண்டுபோவேன்னு. அதான் பிள்ளைங்களை மேஜைக்கு அடியில தள்ளிட்டு, உங்க பக்கத்துல வந்து நானும் கதவைப் பிடிச்சேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். கண்கள் நனைந்திருந்தன, அதை மறைக்கவும் இல்லை.

"அன்னைக்கு நான் தனியா பயந்தேன்னு இத்தனை வருஷம் நினைச்சிட்டிருந்தேன், சௌந்தரம்."

அவள் அவர் காலடியில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கடவுளே, இதுக்குப் போய் நான் பயந்தேனே என்று நினைத்தாள்.

"இனி வாயால சொல்லிப் பார்க்கறேன்," என்றார் அவர். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஆனால் வந்தன. "இந்த ஒன்றரை மாசமா காலையில எழுந்திருக்கவே நல்லா இருக்கு. ரொட்டி வாங்கப் போறது. நீ காய் நறுக்கறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது. எனக்கு இதுக்கு மேல ஒன்னும் வேண்டியிருக்கலை. நல்லா இருக்கேன். உன்னாலதான்."

"இதைத் தட்டினீங்க. போன வாரம்."

"தட்டியிருப்பேன். வாயாலயும் சொல்றேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெயில் இறங்கி, எதிர்வீட்டுத் தகரக் கூரை மஞ்சளாகியிருந்தது. யொலாந்த் ஜன்னலில் நின்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் பரவாயில்லை.

ராமசந்திரன் வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து அவள் தோளில் வைத்தார். அந்தக் கை சும்மா இருந்தது.

"ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டேன்னு நினைச்சுக்காதே," என்றார். "ஒன்னு இருக்கு. அதை நான் மனசுல வார்த்தையா ஓட விட்டதே இல்லை, விரல் வரைக்கும் வந்திருக்காது. உன் காது அதைக் கேட்டிருக்க முடியாது."

"என்ன அது?"

"ஞாயித்துக்கிழமை பெல் ஒம்ப்ருக்குப் பஸ் ஏறுவோம். அங்க போய்ச் சொல்றேன்."

பெல் ஒம்ப்ர் தீவின் தென்மேற்குக் கரையில், கரும்புக் காட்டுக்கு அப்பால். அங்கே அவர்களுக்கு உறவென்று யாரும் கிடையாது. சௌந்தரம் அவர் முகத்தைப் பார்த்தாள், பழக்கத்தில் விரலைப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாகியும், இந்த மனுஷனைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.